சிவா சரிசெய்த லெப்டொப்

லெப்டொப் சூடாகித் தானாக அணைந்துவிடுகிறது என்று போன வாரம் இங்கே புலம்பினேன். நண்பன் சிவா அதைக் கழற்றி, விசிறியில் அடைத்திருந்த தூசியை எடுத்துக் கொடுத்தான்.

"இனி அணையாது மச்சான், நான் கெரண்டி."

இன்று காலை இருவரும் ஒரே பஸ்ஸில் மாத்தளைக்குப் புறப்பட்டோம். சிவா கேட்டான் என்று வழியெல்லாம் லெப்டொப்பில் பாட்டுப் போட்டேன்.

பலாபத்வல செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் என் பையைத் திறந்து, லெப்டொப்பைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

போட்டேன், அணைந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் அணைந்தது.

பதற்றத்தில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னேன்: "ரத் வெலா, சேர்." சூடாகிவிட்டதாம்! பைக்குள் இருந்ததைப் பற்றி ஆமிக்காரரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது என்பது, அவர் துவக்கை நிமிர்த்திப் பின்வாங்கிய பிறகுதான் உறைத்தது.

பின்னால் நின்ற சிவாவைக் காட்டினேன். "இவன்தான் ரிப்பேர் பண்ணினான், சேர்."

சிவா என்னைவிட நல்ல சிங்களத்தில் சொன்னான்: "இவர் யாருன்னே எனக்குத் தெரியாது, சேர்."

மண்மூட்டைமேல் வைத்து ஆறவிட்ட பிறகு லெப்டொப் உயிர்பெற்றது. திரையில் நானும் சிவாவும் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படம்.

ஆமிக்காரர் படத்தைப் பார்த்தார், சிவாவைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் சிவா மெதுவாகச் சொன்னான்: "கொண்டா மச்சான், ஃபேனை இன்னொருக்கா பாத்துத் தாரேன்."

லெப்டொப்பை விடுங்கள். சூடானதும் அணைந்துபோகும் சிநேகிதனுக்கு எங்கே தூசி தட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.