அக்காவிடம் நாங்கள் பறித்த மூன்று நாள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கு வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. படத்துக்குக் கீழே 'அமைதியாக இறையடி சேர்ந்தார்' என்று போடச் சொன்னவர் அண்ணன். அமைதியாக ஒன்றும் போகவில்லை. பக்கத்தில் இருந்தவள் நான், தங்கை.

அக்கா லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனார். அண்ணன் ஜாசினில் வீடு வாங்கியதும் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டார். நான் தொழிற்சாலைக்குப் போனேன். அக்காவுக்குக் கல்யாணம் பேச எல்லோரும் வசதியாக மறந்துபோனோம். சமையல், துணி, அண்ணன் பிள்ளைகள், கோயில் அன்னதானம் என எல்லாம் அவர் தலையில் விழுந்தது. வீட்டுக்குத் தூரமான மூன்று நாள் மட்டும் அடுப்படிக்கும் சாமி அறைக்கும் வரக்கூடாது. பின்னறையில் வானொலி கேட்டபடி படுத்திருப்பார். அவருக்கு இருந்த ஓய்வு அவ்வளவுதான்.

அப்போது அக்காவுக்கு முப்பத்தாறு வயது. அவர் அலமாரியில் பேட் பாக்கெட்டுகள் பிரிக்காமலே அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியும் மாதாமாதம் மூன்று நாள் ஒதுங்கி வந்திருக்கிறார். இந்த வயதில் ஏன் நின்றது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அண்ணியிடம் போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அப்ப இனிமே தடங்கல் இல்லலா," என்றார் அண்ணி. "திருவிழா சமையல முழுசா அவங்களே பாத்துக்கட்டும்."

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் மூணு நாளு படுத்தது ஒனக்குப் பொறுக்கலயாடி?"

அதன்பின் பன்னிரண்டு வருடம் அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். நடிக்கிறார் என்றேன். வாளியோடு தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது, கட்டுப் போட்டு அழைத்துவந்து ஒரு கையால் சமைக்க வைத்தோம். போன வருடத் திருவிழாவில் கோயில் சமையல்கட்டில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

மாதவிலக்கு எப்போது நின்றது என்று மருத்துவமனை டாக்டரம்மா கேட்டார். சொன்னேன்.

"அவ்ளோ சீக்கிரம் நின்னா எலும்பு தேஞ்சிரும்மா. நின்னதும் கொறையுற ஹார்மோன்தான் எலும்பக் காப்பாத்துது. அப்பவே வந்திருந்தா மருந்து குடுத்திருப்போம். ஏன் கூட்டிட்டு வரல?"

ஆறு வாரம் கிடந்து, முதுகு புண்ணாகி, நெஞ்சில் சளி கட்டி, நாற்பத்தெட்டு வயதில் அக்கா போனார்.

அவரைப் புரட்டிப் படுக்க வைத்த தாதியருக்கும், வேனில் ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்றி. பன்னிரண்டு வருடம் அவர் கையால் வயிறாரச் சாப்பிட்டு, பெரிய மாலை அனுப்பிய கோயில் குழுவினருக்கும் நன்றி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது அண்ணி என்னருகே வந்தார். "ஒனக்கு நின்னுருச்சா? அடுத்த திருவிழாவுக்கு ஆள் வேணும்லா."

இன்னும் இல்லை என்றேன்.

அது பொய், அண்ணி. அப்போதே நின்று ஐந்து மாதம். அதே டாக்டரம்மாவிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். அச்சகத்துக்கு அலைந்தவள் நான் என்பதால் அச்சாகும் முன் இந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் படித்துவிட்டீர்கள். இந்த மாதமும் மூன்று நாள் படுத்திருப்பேன். முடிந்தால் வந்து எழுப்புங்கள்.