தேதி சொல்லாத மணப்பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. நான் பிறந்தது தோவாளையில். வாழ்க்கைப்பட்டது மார்த்தாண்டம் பக்கம். ஊர் மாறினாலும் பூ என்னை விடவில்லை. வீட்டின் முன்னறையிலேயே கல்யாணப் பெண்களுக்குப் பொக்கே செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் தேவாலயக் கல்யாணங்கள்தான். தோவாளைச் சந்தையில் வியாபாரம் பார்க்கும் என் தம்பி காலை பஸ்ஸில் பூச்சாக்கை ஏற்றி விடுவான்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். பூ விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டேன். சிவப்புப் புடவைக்குச் சிவப்பு ரோஜா கேட்டு வந்தவர்களைத் திட்டியே அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று, சாவு வீட்டுக்கு மலர்வளையம் செய்ய மாட்டேன். அந்தக் கையால் கல்யாணப் பொக்கே வாங்க எந்தத் தாய்தான் சம்மதிப்பாள்? பிழைப்பு போய்விடும். அதனால் துக்க வீட்டுப் பக்கமே என் தொழில் போனதில்லை.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் போனில் அழைத்தாள். மெல்லிய குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். குளச்சலுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னாள்.

"அக்கா, ஒங்க போட்டோ எல்லாம் பாத்தேன். எனக்கு ஒரு பொக்கே செய்து தருவியளா?"

"அதுக்குத்தானே இருக்கேன் மக்கா. கல்யாணம் எப்பம்?"

"தேதி இன்னும் ஆகல்ல. பூவ மட்டும் இப்பமே பாத்து வச்சுக்கிடலாம்னு."

எங்கள் ஜில்லாவில் இது புதிதில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பான், லீவு கிடைக்காது, கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும். பத்திரிகை அடித்த பிறகு தேதி மாறிய கல்யாணங்களையே நான் பார்த்திருக்கிறேன். "மாப்பிளைக்கு லீவு கிடைக்கல்லியா?" என்று நானே கேட்டேன். அவள் சிரித்தாள். "அப்படியே வச்சுக்கிடுங்க அக்கா" என்றாள்.

அவளுக்குப் பின்னால் யாரோ பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் முணுமுணுவென்று முடித்தார்கள். கல்யாண வீட்டில் ஜெபம் நடக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு இரண்டு வாரத்தில் ஏழெட்டு முறை பேசியிருப்போம். பூத் தேர்வு செய்வதில் அப்படி ஒரு பெண்ணை நான் கண்டதில்லை. லில்லி என்றேன். மணம் ஆகாது, குமட்டும் என்றாள். சம்பங்கி என்றேன். அதுவும் அப்படித்தான். ஆர்க்கிட் படம் அனுப்பினேன். அது பிளாஸ்டிக் மாதிரி இருக்கு என்று பதில் வந்தது. கடைசியில் மணமே இல்லாத சின்ன வெள்ளை ரோஜாவில் வந்து நின்றாள். சரி, நல்ல தேர்வுதான்.

பிறகு கைப்பிடியில் ஆரம்பித்தாள். குட்டையாக இருக்க வேண்டும், கம்பி குத்தக் கூடாது, துணி சுற்ற வேண்டும். பூக்கள் முன்பக்கம் பார்க்காமல் மேலே பார்க்க வேண்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, பொக்கேன்னா கீழ தொங்கணும். நீ நடந்து வரும்பம் அது ஆடுத அழகே தனி."

"நான் நடக்க மாட்டேன் அக்கா. பள்ளி பக்கத்துலதான். கொண்டு போவாவ."

பள்ளி என்று அவர்கள் சொல்வது தேவாலயத்தை. அலங்காரக் காரில் வாசல் வரை போவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் கோட்டில் குத்துகிற பூ வேண்டாம் என்றாள். அதையும் அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கை அளவு தெரிய வேண்டும் என்று கேட்டபோது வீடியோவில் வலது கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். முகத்தைக் காட்டவில்லை. சுள்ளி மாதிரி விரல்கள். மணிக்கட்டுக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள் என்றாள். "கல்யாணத்துக்குன்னு சாப்பிடாம மெலியுதியோ? மாப்பிள வந்து பாத்தா எலும்பைத்தான் பாப்பாரு" என்று கேலி செய்தேன். அதற்கும் சிரித்தாள். இதை எழுதும்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெரிய சண்டை கனகாம்பரத்தில் வந்தது. கைப்பிடியில் ஒரு சரம் கனகாம்பரம் சுற்ற வேண்டும் என்று கேட்டாள். வெள்ளை ரோஜாவுக்குக் கீழே அந்த ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்தும், கோயில் திருவிழா மாதிரி இருக்கும் என்று சொன்னேன்.

"சின்னதுல இருந்தே அம்மை எனக்கு அதான் தலையில வச்சு விடுவா. இனி தலையில வைக்க முடியாது. கையிலயாவது இருக்கட்டும்னு."

"முக்காடா நெட்டும் கிரீடமும் வச்சா தலையில வேற பூ எதுக்கு? சொன்னா கேளு மக்கா, நல்லா இருக்காது" என்று முடித்துவிட்டேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை எனக்கு இரண்டு கல்யாணம். வேலைக்கு நடுவில் மறுபடியும் அவள் போன். பொக்கே எத்தனை மணி நேரம் வாடாமல் இருக்கும் என்று கேட்டாள். ஏற்கெனவே மூன்று தடவை கேட்ட கேள்வி. சுள்ளென்று வந்தது எனக்கு.

"தேதியே இல்லாம பூ கேட்டா நான் எங்க போவேன்? முதல்ல ஒரு தேதிய உறுதி பண்ணு. அதுக்குப் பொறவு விளி."

அந்தப் பக்கம் ஜெபமாலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள், "சரி அக்கா. இந்த வாரத்துக்குள்ள சொல்லிருதேன்" என்றாள். அவள் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் எண்ணிலிருந்து செய்தி வந்திருந்தது. "அக்கா, தேதி உறுதியாயிட்டு. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணி. கோவப்படாதிங்க."

அன்றைக்கே! தலையில் அடித்துக்கொண்டேன். இருந்தாலும் ஒரு கல்யாணப் பெண்ணை வெறும் கையோடு நிற்க விட மனம் வருமா? "இப்பமாவது சொன்னியே மகராசி! மாப்பிளைக்கு லீவு கிடைச்சிட்டா?" என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகள் நாலைந்து சேர்த்து அனுப்பினேன். படித்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

மறுநாள் கல்யாணத்துக்காக வாளியில் வைத்திருந்த வெள்ளை ரோஜாவை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். கனகாம்பரம் சுற்றவில்லை. எனக்குத்தானே எல்லாம் தெரியும்! பத்து மணிக்குத் தோவாளைச் சாக்கு வந்தது. பிரித்தால், மேலாக ஒரு முழம் கனகாம்பரம், ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தது. நான் கேட்கவில்லை. தம்பி அக்காவுக்கு ஆசையாய் வைத்திருக்கிறான் என்று நினைத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

பட்டுப்புடவை கட்டி, பொக்கேயைப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். கடற்கரை ஊருக்குள் நுழையும்போது மணி இரண்டரை. வெயிலில் கண் கூசியது. கரையில் வள்ளங்கள் எல்லாம் வரிசையாக ஏற்றிக் கிடந்தன, ஒன்றுகூடக் கடலில் இல்லை. வலை பின்னுகிற ஆட்களும் இல்லை, மீன் விலை பேசுகிற சத்தமும் இல்லை. ஊர் முழுக்க ஒரு கல்யாணத்துக்காக வேலைக்குப் போகாமல் இருக்கிறதே, நல்ல ஒற்றுமை என்று மெச்சிக்கொண்டேன். தேவாலய மணி ஒன்று அடித்தது. அடுத்தது அடிக்க நெடுநேரம் ஆனது. பிறகு இன்னொன்று. கல்யாணத்துக்கு இப்படியா மணி அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை.

சந்து குறுகலாக இருந்தது. வண்டியை வெளியே விட்டுப் பெட்டியோடு நடந்தேன். பந்தல் தெரிந்தது. நாற்காலிகள், ஆட்கள், ஜெபமாலைச் சத்தம். போனில் கேட்ட அதே முணுமுணுப்பு. பெண்கள் கூட்டமாக வாசலை அடைத்து நின்றார்கள். நான் வழக்கம்போல உரத்த குரலில், "கல்யாணப் பொண்ணு எங்க? என்ன பாடு படுத்திட்டா என்னை!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

ஜெபம் நின்றது. எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. அழுது வீங்கிய கண்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. விலகி வழி விட்டார்கள்.

முன்னறையில் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். வெள்ளைப் பட்டு, நெட், கிரீடம், கையுறை இல்லாத மெலிந்த கைகள். அந்த விரல்களை எனக்குத் தெரியும். பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தில் கருநீலமாகக் கன்றியிருந்தது. அந்தக் கணத்தில் அவள் கேட்ட ஒவ்வொன்றும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. குட்டைக் கைப்பிடி. மேலே பார்க்கும் பூ. நடக்க மாட்டேன். கொண்டு போவார்கள்.

கட்டிலருகே இருந்த பெண் எழுந்து வந்தாள். தாய் என்று பார்த்தாலே தெரிந்தது.

"நீங்கதானா அந்தப் பொக்கே செய்யுத பிள்ள? வாங்க. தாலி கெட்டாத பிள்ளைய நாங்க கல்யாணப் பொண்ணாத்தான் அனுப்புவோம். அது அவளுக்கும் தெரியும். எனக்க பூவ நானே பாத்து எடுப்பேன்னு ஒரே வாசி, பிடிவாதம்."

பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நீங்களே வச்சுக் குடுங்க. எப்படிப் பிடிக்கணும்னு அந்த அக்கா சொல்லித் தருவாவன்னு சொல்லுவா."

கல்யாணப் பெண்கள் எல்லாருக்கும் நான்தான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பேன், உண்மை. குனிந்து அந்தக் கையைத் தொட்டேன். ஆவணி வெயிலில் அப்படி ஒரு குளிர்ச்சி. ஜெபமாலை சுற்றிய விரல்களுக்கு நடுவில் கைப்பிடியை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ரோஜாக்கள் எல்லாம் மேலே பார்த்தன. நான் சொன்னபடி நீளமாகச் செய்திருந்தால் அது அவள் நெஞ்சில் நின்றிருக்காது. தேர்வு செய்யத் தெரிந்தவள் அவள்தான், நான் இல்லை.

தாய் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கனகாம்பரம் சுத்தச் சொன்னேன்னு சொன்னாளே?" என்றாள்.

அப்போதுதான் என் தலையில் பூ இருப்பது நினைவுக்கு வந்தது. துக்க வீட்டுக்குள் பட்டுக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு நிற்கிறேன்! வெட்கத்தில் பிடுங்கி எறியக் கையைக் கொண்டுபோனேன். தாய் என் கையைப் பிடித்தாள்.

"அதத் தாங்க."

"இது நான் தலையில வச்ச பூ அக்கா. வைக்கப்பிடாது."

"தலையில வச்சதுதான் வேணும். முடி கொட்டினதுல இருந்து அவளுக்கு அந்த ஒரு ஏக்கம்தான்."

அந்தச் சரத்தைத் தலையிலிருந்து எடுத்துக் கைப்பிடியில் சுற்றினேன். வெள்ளைக்குக் கீழே ஆரஞ்சு. கண்ணைக் குத்தவே இல்லை. இவ்வளவு அழகான பொக்கேயை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

கிளம்பும்போது தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். தேதி சொல்லவில்லை என்று அவளைத் திட்டியதை, காலையில் அந்தச் செய்திக்கு நான் எழுதிய பதிலை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"அந்த மெசேஜ் அவ எழுதி வச்சது பிள்ளே. திங்கக்கிழமையே எழுதி, மணிய மட்டும் போடாம, அம்மா நீ போட்டு அனுப்புன்னு தந்தா. நான் மணிய மட்டுந்தான் போட்டேன். நீங்க எழுதினதயும் பாத்தேன். அவ படிச்சிருந்தா சிரிச்சிருப்பா."

நான் திட்டி முடித்தவுடனே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். கோபப்படாதீர்கள் என்று, தனக்குத் தேதி குறித்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். கனகாம்பரம் எதற்கு வைத்தாய் என்று கேட்டேன். "நீதானே அக்கா கேட்டே? முந்தாநாள் போன்ல சொன்னியே, ஒரு முழம் மறக்காம வையின்னு" என்றான். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு இன்றுவரை நினைவில்லை. அவனோ சத்தியம் செய்கிறான். வேலை மும்முரத்தில் சொல்லியிருப்பேன் என்று பகலில் நம்புகிறேன். தனியாக உட்கார்ந்து பூக்கட்டும்போது அவ்வளவு உறுதியாக நம்ப முடிவதில்லை.

மலர்வளையம் இன்றும் செய்வதில்லை. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பொக்கே என்றால், எந்த ஊராக இருந்தாலும் நானே கொண்டுபோய்க் கையில் வைத்துவிட்டு வருகிறேன். இதனால் நின்றுபோன கல்யாண வேலைகள் உண்டு, நிற்கட்டும். இப்போது யார் போன் செய்தாலும் முதல் கேள்வியாக நான் தேதியைக் கேட்பதில்லை. உனக்கு என்ன பூ பிடிக்கும் மக்கா என்றுதான் கேட்கிறேன்.