பாவா வீட்டுக் கூடத்துத் தரை

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் அக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவியதும், சிமென்ட் தரையிலிருந்து மண்ணெண்ணெய் போல ஒரு நெடி எழுந்தது. திருத்தணிக்குக் காவடி எடுத்து வரும் எங்கள் உறவெல்லாம் அந்தத் தரையில்தான் சாப்பிட்டுப் படுப்பது வழக்கம். அக்கா சாம்பிராணி போட்டாள். அக்கா புருஷனை நான் பாவா என்பேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடையில் அங்கே பூச்சிமருந்து டின் கவிழ்ந்ததும், சோப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, காய்ந்து நெடி போனதும் போயிற்று என்று விட்டதும் எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள், தவழும் வயதிலிருந்த என் மகள் தரையில் சிந்திய பொரியைப் பொறுக்கித் தின்றாள். சற்று நேரத்தில் கைகால் வெட்டி இழுத்தது. "வேண்டிக்கினு முடி குடுக்கல இல்ல, அதான் சாமி கேக்குது. மலைக்குத் தூக்கிக்கினு ஓடுங்க!" என்று அம்மா அலறினாள். என் மனைவி குழந்தையோடு ஓட, படித்தவனான நானும் பின்னால் ஓடினேன். பாவா வாசலை மறித்தார். கூடம் நிறைய உறவுக்காரர்கள்.

"மலைக்கு வாணாம் மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போ. சாமி இல்ல, என் தரைதான். மருந்து கொட்டிச்சு அங்க. என்ட்ரின் பூச்சிமருந்துன்னு சொல்லு டாக்டர்கிட்ட."

"கொலகாரா, என் கொழந்தைய சாவடிக்கப் பாத்தியேடா!" என்றேன். அக்கா புருஷனை, அத்தனை பேர் முன்னால், 'டா' போட்டு.

"திட்றத அப்பால திட்டு. ஓடு."

விஷத்தின் பெயர் தெரிந்ததால்தான் சரியான மருத்துவம் நடந்தது, பிழைத்தாள். பாவா கூடத்தைக் கடப்பாரையால் பெயர்த்தார். அடிமண்ணிலும் அதே நெடி. அதையும் வெட்டி எடுத்து, புதுமண் கொட்டி, மறுபடி சிமென்ட் பூசினார். ஆனாலும் உறவுக்காரர்கள் அதன்பின் சத்திரத்தில்தான் தங்கினார்கள். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் பழி முருகன் மேலேயே நின்றிருக்கும். என் மகள் இருந்திருக்க மாட்டாள்.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காய்ச்சல் என்றாலே எனக்கு அவள் கைகால் மேல்தான் கண். மன்னிப்புக் கேட்பதற்கென்றே இந்தக் கிருத்திகைக்கு அவளைப் பாவா வீட்டுக்கு அழைத்துப் போனேன். நுழைந்ததும் அவள் தரையில் உட்கார்ந்தாள். யோசிக்கும் முன்பே என் கை அவளை இழுத்துத் தூக்கிவிட்டது.

பாவா பார்த்துவிட்டார். உள்ளே போய்க் கயிற்றுக் கட்டிலை இழுத்து வந்து போட்டார்.

"மேல குந்து கண்ணு. தரை சில்லுனு கீது."

வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.