சொல்லாமல் போய்ப் பார்த்த இல்லம்

கணவர் காலமானபின் பல்லாவரத்தில் தனியாக இருந்த நான், முதியோர் இல்லத்தில் சேர நானே முடிவெடுத்தேன். போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு, மகனுடன் ஊரப்பாக்கத்தில் ஒரு இல்லத்தைப் பார்க்கப் போனேன். பளபளக்கும் தரை, பாயசத்தோடு சாப்பாடு! அங்கேயே சேர்ந்துவிடலாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

கை கழுவும்போது, அங்கே தங்கியிருந்த ஒரு பெண்மணி மெதுவாகச் சொன்னார்: “நாளைக்கும் வாங்கக்கா. யாராவது பார்க்க வந்தாதான் எங்களுக்கு நல்ல சாப்பாடு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மகனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்து தாம்பரத்தில் ஒரு இல்லத்துக்குச் சொல்லாமலே மதியம் போய் நின்றோம். சூடான சாம்பார் சாதத்துக்கு, “இன்னொரு அப்பளம் போடும்மா!” என்று எல்லோரும் உரிமையோடு கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது நானும் அவர்களில் ஒருத்தி.

இடம் தேடும் தோழிகளிடம், “போன் பண்ணாதீங்க, சாப்பாட்டு நேரத்துல போய் நில்லுங்க” என்றுதான் சொல்கிறேன்.