ஒன்பது போத்தல் தண்ணீர்

ஆராய்ச்சி ஏட்டில் கடைசியாக எழுத வேண்டியது நன்றியுரை. நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியவளுக்கு அந்த ஒரு பக்கம் வரவில்லை. இரண்டாயிரத்தோராம் ஆண்டு, வவுனியாவில் ஒரு வாடகை அறை. பேராசிரியருக்கு நன்றி, திணைக்களத்துக்கு நன்றி, தட்டச்சு செய்து தந்தவருக்கு நன்றி என்று மளமளவென்று எழுதிவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து தந்த மூன்று பேரிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த மூவரில் ஒருவருக்கு நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைத் தாண்டி எழுத மனம் வரவில்லை.

தொண்ணூற்றேழில் நான் புதுக்குடியிருப்பில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குப் பயந்து எல்லோரோடும் சேர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் சில மாதங்களில் திரும்பிப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது, படிப்பும் பாதியில் நின்றிருந்தது, வீம்பும் கொஞ்சம் இருந்தது. நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு அம்மாவின் கடிதம் வர இரண்டு மாதம் எடுக்கும். வந்த கடிதத்தில், போன மழைக்கு முந்திய காய்ச்சல் சுகமாகிவிட்டதா என்று கேட்டிருப்பார். அந்தக் காய்ச்சலை நானே மறந்திருப்பேன்.

வேலை இதுதான். தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்களில் ஒரு தற்காலிக ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. அதன் கழிவுநீரை இரண்டு குழிகளில் தேக்கி, பிறகு கல்வாழை நட்ட ஒரு பாத்திக்குள் விட்டு, மிஞ்சியதைச் சின்ன வாய்க்காலில் ஓடவிட்டிருந்தோம். அந்த நீரில் இருக்கும் நைதரசனைக் கல்வாழை தின்றுவிடுகிறதா, அல்லது அது நிலத்துக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகிறதா என்று நான் கண்காணிக்க வேண்டும். கிணற்றுக்குப் போனால் அது நைத்திரேற்றாக இருக்கும். மணம் இல்லை, நிறம் இல்லை. பெரியவர்களை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. ஆனால் போத்தலில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் உதடு நீலம் பாயும்; கவனிக்காமல் விட்டால் பிள்ளை செத்தும் போகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது.

பாத்திக்கு மிக அருகில் ஒரு கிணறு இருந்தது. பத்தொன்பது குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான் அதிகம். அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்று நான் சொல்ல வேண்டும். சுகாதார அதிகாரி நாளும் குறித்துவிட்டார். கிளினிக் நடக்கும் ஒரு சனிக்கிழமை, தாய்மார் எல்லோரும் கூடியிருக்கும்போது என் முடிவு வாசிக்கப்படும்.

மூன்று பேர் சம்பளம் இல்லாமல் உதவிக்கு வந்தார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில், கழுவிய சேலைன் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டும். முதலாமவர் ஓய்வுபெற்ற தபால்காரர். தூரத்தில் இருந்த ஒரு கிணறு அவருடைய பொறுப்பு. போத்தலில் ஒட்டும் துண்டில் நேரம் மட்டும் எழுதச் சொன்னால், வானம் மப்பு, காற்று வடக்கு, கிணற்றுக் கட்டில் ஒரு காகம் என்று சகலதும் எழுதிவருவார். இரண்டாமவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கமக்காரர். வாய்க்காலின் கடைசியில் அவருடைய கத்தரித் தோட்டம் இருந்தது. வெடிமருந்தாகும் என்று யூரியா ஒரு பிடிகூட இராணுவம் உள்ளே வரவிடாத காலம் அது; அந்தக் கழிவுநீர்தான் அவருக்கு உரம். போத்தலைத் திறந்து என் மூக்கடியில் பிடிப்பார்.

"மோந்து பாருங்க மிஸ், என்னா வாசம்! இத போயி வேணாங்கிறீங்களே. எங் கத்தரிய வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க."

மூன்றாமவர் ஓர் அக்கா. முல்லைத்தீவுக் கரையில் இருந்தவர், கழுத்தில் செபமாலை. கணவர் மீன்பிடித் தொழிலுக்காகக் கடற்கரைக்குச் சைக்கிளில் போய் வருவார். கலியாணமாகிப் பதினாறு வருடத்துக்குப் பிறகு, நாற்பது வயதில், கொட்டில் வாழ்க்கைக்கு நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. தாய்ப்பால் இரண்டாம் மாதமே வற்றிவிட்டது. பாத்திக்கு அருகிலிருந்த அந்தக் கிணற்றின் தண்ணீரை அவர்தான் கொண்டுவந்தார்.

நான் ஒரு நாளும் கிணற்றடிக்குப் போகவில்லை. ஆராய்ச்சி செய்பவள் மேசையில் இருக்க வேண்டும் என்ற தடித்தனம் ஒன்று. உண்மையான காரணம் வேறு. அந்த ஒழுங்கையால் போனால் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் கேட்பார்கள். தனியவோ இருக்கிறியள்? அம்மா அப்பா எங்கை? ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்லை? அன்பாகத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்கள் தங்கள் பிள்ளைகளோடு உள்ளே போவார்கள், நான் பதிலோடு திரும்பி வர வேண்டும். அதனால் களஞ்சிய அறையொன்றில் ஒரு மேசையும் ஒரு கதிரையும் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தேன். சில நாட்களில் காலையில் பேசிய பேச்சுக்குப் பிறகு அடுத்த நாள் காலைவரை என் குரலை நானே கேட்டதில்லை.

அக்கா மட்டும் போத்தலைத் தந்த கையோடு போக மாட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோதனை முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதில் நொறுக்கிய இரண்டு இரசாயனக் குளிசை, பத்து நிமிடக் காத்திருப்பு. நைத்திரேற்று இருந்தால் தண்ணீர் சிவக்கும். எவ்வளவு சிவந்தது என்று ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுத வேண்டும்.

அக்காவின் தண்ணீர் சிவக்கவில்லை. முதல் வாரம் இல்லை, இரண்டாம் வாரமும் இல்லை. ஐந்தாம் வாரம் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கழிவு வாய்க்காலுக்குப் பக்கத்துக் கிணறு பளிங்காக இருக்கிறது! கல்வாழை நைதரசனை ஒட்டத் துடைத்துவிட்டது! உலகத்தில் ஒருவருக்கும் கிடைக்காத முடிவு எனக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஒன்பதாம் வாரம், கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று அறிக்கை எழுதி வைத்துவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் கெட்டித்தனம் ஒன்பது வாரம் ஓடியது.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முந்திய வியாழன் அக்கா வரவில்லை. மத்தியானம்வரை பார்த்தேன். பிறகு எரிச்சலோடு நானே ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் அள்ளிவந்தேன். குளிசையைப் போட்டு முழுதாக ஒரு நிமிடம் ஆகவில்லை, தண்ணீர் பீற்றூட் அவித்ததுபோல் சிவந்தது. குளிசை பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். தபால்காரரின் போத்தலில் மிஞ்சியிருந்ததை எடுத்து அதே டப்பாக் குளிசையைப் போட்டேன். அது சிவக்கவே இல்லை. குளிசையில் பழுதில்லை. இன்னும் இரண்டு நாளில் பத்தொன்பது வீடுகளுக்கு, இதைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லப் போகிறேன்.

அக்காவின் கொட்டிலுக்கு ஓட்டமாகப் போனேன். அவர் அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு தண்ணீர்க் கான், முன்னால் துணியில் கட்டிய குழந்தை. சைக்கிளுக்கு வழியில் காற்றுப் போய்விட்டதாம், அதனால்தான் காலையில் வர முடியவில்லையாம்.

"எங்கையக்கா தண்ணி அள்ளினனீங்கள்?"

"அங்கால பனங்கூடலுக்குள்ளை ஒரு கிணறு கிடக்கு தங்கச்சி. ஒரு மைல் வரும். பிள்ளைக்கு அந்தத் தண்ணிதான்."

"எனக்குக் கொண்டு வந்தது?"

"அதுவும் அதிலைதான். ஏன் கேக்கிறியள்?"

நான் கத்தினேன். இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் கூசுகிறது. "நான் இந்தக் கிணத்துத் தண்ணியெல்லோ கேட்டனான்! படிச்சுப் படிச்சுச் சொன்னனான் தானே! உங்களாலை எத்தினை பிள்ளையள் சாகப் பாத்தது தெரியுமோ?"

அக்கா சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "இந்தக் கிணறு ஆஸ்பத்திரி வாய்க்காலுக்குப் பக்கத்திலை. குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். அதை எப்பிடித் தங்கச்சி ஒராளின்ரை கையிலை குடுக்கிறது?"

"நான் குடிக்கவே கேட்டனான்? சோதிக்கத் தானே கேட்டனான்!"

"சோதிக்கத்தான், தெரியும். இருந்து பாத்தனான் தானே. அந்தச் சின்னக் குழாய்க்குள்ளை ஒரு சொட்டுத்தான் விட்டனீங்கள். மிச்சம் போத்தல் நிறையக் கிடந்துது. அதை நீங்கள் குடிப்பியள் எண்டு நினைச்சன். தனிய இருக்கிற பிள்ளை, உங்களுக்கு ஆர் தண்ணி அள்ளித் தரப்போகினம்?"

வந்த வழியே திரும்பி நடந்தேன். யாரும் படலையில் நின்று ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் விட்டிருப்பார்கள்.

சோதனை முடிந்ததும் மிச்சத் தண்ணீரை நான் என்ன செய்தேன் என்று அக்காவுக்குத் தெரியாது. அவர் போனதும் யன்னலால் கையை நீட்டி வெளியே கொட்டிவிடுவேன். ஒன்பது வியாழன், ஒன்பது போத்தல். ஒரு மைல் தூரம், கைக்குழந்தையோடு தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர்.

சனிக்கிழமை தாய்மார் முன்னால் எழுந்து நின்றேன். என் ஒன்பது வாரச் சோதனையும் பிழை, கிணற்றடிக்குப் போய்ப் பாராமல் இருந்த பிழை என்னுடையது, அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். சுகாதார அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றியிருக்கும். கூட்டம் ஏசப்போகிறது என்று நின்றேன். முன்வரிசையில் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

"நாங்கள் எப்ப மிஸ் குடுத்தனாங்கள்? அந்த அக்கா முதலே சொல்லிப்போட்டா, பிள்ளையளுக்கு இது வேண்டாமெண்டு. தான் அள்ளப் போகேக்கை எங்களையும் கூட்டிக்கொண்டு போறவா. உங்கட கடுதாசியைப் பாத்துக்கொண்டிருந்தா எங்கட பிள்ளையள் தவிச்செல்லோ போயிடும்."

ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பத்தொன்பது வீடுகளும் ஒன்றாகப் பேசித் தீர்த்துக்கொண்ட ஒரு விஷயத்தை, நான் மட்டும் ஓர் அறைக்குள் இருந்து ஒன்பது வாரம் ஆராய்ந்திருக்கிறேன்.

அடுத்த வியாழன் அக்கா வர மாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். வழக்கத்துக்கு மாறாக இரண்டு போத்தல்கள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"சிவப்பு நூல் சோதிக்க. இஞ்சத்தைக் கிணறு, நானே அள்ளினனான். மற்றது உங்களுக்கு." கதிரையில் உட்காராமலே குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினார். பிறகு, கேட்பதா விடுவதா என்று யோசித்தவர்போல் கேட்டார். "முந்தித் தந்ததெல்லாம் குடிச்சனீங்கள் தானே தங்கச்சி?"

"ஓமக்கா," என்றேன். "குடிச்சனான்."

அவருடைய முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. நன்றியும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் முகத்துக்கு நேரே நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் பிறத்தியாருக்குச் சொல்வதுபோல் இருக்கும். அந்த வழக்கம் எனக்கு அன்றைக்கு நல்ல ஒளிப்பிடமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குமேல் ஒவ்வொரு வியாழனும் இரண்டு போத்தல் வந்தது. என் ஆராய்ச்சி ஏட்டில் இருக்கும் கணக்கெல்லாம் சிவப்பு நூல் போத்தலின் கணக்கு. மற்றதை ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தேன். பிறகு எனக்கு வவுனியாவுக்குப் போகப் பாஸ், அதாவது பயண அனுமதி, கிடைத்தது. கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, போக வேண்டியது புதன்கிழமை. வியாழன்வரை நிற்க முடியவில்லை. ஒழுங்கைக்குள் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பெட்டி கட்ட வேண்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை அவர் இரண்டு போத்தலோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்திருப்பார்.

பேனா நின்ற மூன்றாம் நாள் நன்றியுரையில் எழுதினேன்: "எனக்குத் தண்ணீர் தந்த மூவருக்கும்." பேராசிரியர் அதை வெட்டி, "நீர் மாதிரிகளைச் சேகரித்த தொண்டர்களுக்கு" என்று அழகான எழுத்தில் திருத்தியிருந்தார். அதுதான் முறை. அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தேன். மேசையில் தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருந்தது. நானே எழுந்து போய்ப் பைப்பில் பிடித்துக் குடித்தேன்.

திருத்திய வரியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முதல் ஒன்பது போத்தலுக்கு அதில் இடமில்லை. அவை மாதிரிகளும் அல்ல, சேகரித்தவையும் அல்ல. அக்கா, அவற்றை நான் குடிக்கவில்லை. யன்னலால் கொட்டினேன்.