அறுத்த கட்டை

குதிரையிலிருந்து விழுந்ததில் ஆட்டுப் பண்ணைக்காரன் டெஸ் மாக்கியின் வலது தோள் போய்விட்டது. துப்பாக்கியை இடது பக்கம் மாற்றி வண்டிக்குள்ளிருந்தே சுடப் பார்த்தான்; தோளில் அணைக்கும் அடிக்கட்டை கதவில் இடித்தது. ரம்பத்தால் அறுத்து, முனையை வழவழவென்று தேய்த்துக்கொண்டான்.

உரிமத் துப்பாக்கிகளைப் பூட்டிவைக்கும் பெட்டியை வழக்கம்போலச் சோதிக்கப் போலீஸ்காரர் வந்தபோது, டெஸ்ஸே பெருமையாக எடுத்துக் காட்டினான். "எப்படி இருக்கு தம்பி? நானே அறுத்தது."

அவர் அளவு நாடாவை எடுத்தார். "நீளம் குறைஞ்சுபோச்சு டெஸ். சட்டப்படி இது இப்ப ஒளிச்சு எடுத்துட்டுப் போகக்கூடிய ஆயுதம்."

"ஆட்டையும் நரியையும் தவிர இதால எதைச் சுட்டேன்?"

"கோர்ட்ல சொல்லுங்க."

சொன்னான். உரிமம் போனது, பெட்டியிலிருந்த மற்ற துப்பாக்கிகளும் போயின. சட்டத்துக்குத் தோள் வலிக்குமா என்ன?

அந்தக் கோடையில் மழை பொய்த்துக் குட்டை சேறானது. தண்ணீருக்கு இறங்கிய ஆடுகள் புதைந்துகொண்டன. அப்படிப் புதைந்தவற்றின் கண்களைக் காக்கைகள் உயிரோடு கொத்தும். முந்திக்கொண்டு சுட்டுவிடுவதுதான் எங்கள் பக்கத்து இரக்கம். டெஸ் எனக்குப் போன் செய்தான். பக்கத்துப் பண்ணை என்றாலும் என் வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

நான் துப்பாக்கியோடு போய்ச் சேர்ந்தபோது அவன் இடுப்புவரை சேற்றில் நின்றிருந்தான். ஒரு ஆட்டின் முகத்தைத் தன் தொப்பியால் மூடிப் பிடித்திருந்தான். சுற்றிலும் மற்ற ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"இதுக்கு மட்டுந்தான் இன்னும் கண்ணு இருக்கு," என்றான். "எங்கிட்ட ஒரு தொப்பிதானே இருக்கு."