அடித்தண்ணீர் மேலே வரும் நாள்

கந்தசாமி அண்ணன் தவறிவிட்டார் என்று மல்லசமுத்திரத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது ஐப்பசி மழை விட்டிருந்தது. "தண்ணி எப்பங்க பொரளும்னு அக்கா கேட்டு வரச் சொன்னாங்க" என்றான். அக்கா என்றது அண்ணனின் மனைவியை. அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அண்ணனை அறிந்தவர்களுக்கு அவர் வேலையும் தெரியும். மேட்டூர் அணை நீரின் சூட்டை ஆழம்தோறும் அளப்பது. நான் கூட்டாளி. பரிசலிலிருந்து புட்டியைக் கயிற்றில் இறக்கி, அடியில் மூடியை இழுத்துத் திறந்து, மொண்டு வந்த நீரில் வெப்பமானியை வைப்போம். "ஆழம் தெரியாம காலை விடாதீங்க" என்று கேலி செய்தால், "காலு எங்கீங்க, கவுறுதான உட்டிருக்கேன்" என்பார்.

அந்த ஆழத்தில்தான் அவருடைய ஊர் கிடந்தது. அணை நிரம்புமுன் ஊரார் ஆடு மாட்டையும் சாமி சிலையையும் கொண்டுபோனார்கள். குழந்தைகளை எங்கள் பக்கம் எரிப்பதில்லை, புதைப்பதுதான். புளியமரத்தடியில் புதைத்த மகளை மட்டும் அண்ணனால் கொண்டுபோக முடியவில்லை. "மேல்தண்ணி சூடா, லேசா கெடக்கும். அடித்தண்ணி குளுந்து கனமா கெடக்கும். ரெண்டும் சேராது, பாப்பாவ எதுவும் அசைக்காது" என்று அக்காவைத் தேற்றுவார்.

அது மெய்தானா என்று பார்க்க, ஒரு சித்திரையில் சேலத்துச் சாயக்காரரிடம் சிவப்புச் சாயம் வாங்கி, குடத்தில் அடைத்து இறக்கி, புளியமரம் இருந்த இடத்தில் அடியிலேயே கவிழ்த்தோம். மாதக்கணக்கில் மேலே ஒரு பொட்டுச் சிவப்பில்லை. அண்ணன் நிம்மதியாக இருந்தார். மார்கழியில் ஒரு காலை, அடிச்சேற்றின் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. பரிசலைச் சுற்றி மங்கலாகச் சிவப்பு படர்ந்தது. வெப்பமானி மேலும் கீழும் ஒரே சூட்டைக் காட்டியது. பனியில் குளிர்ந்த மேல்நீர் இறங்க, அடிநீர் ஏறுகிறது, தண்ணீர் புரள்வது என்பது இதுதான், கணக்குச் சரிதான். ஆனாலும் பயந்தேன். அண்ணன் நீரில் கையை வைத்து, மகளைக் கொஞ்சும் குரலில், "வந்துட்டியா சாமி?" என்றார்.

அதனால்தான் அக்காவின் கேள்வி. மூன்றாம் நாள் கரைக்க வேண்டிய சாம்பலை, ஊர் ஏசியும் கேளாமல், கலயத்தில் கட்டி வைத்திருந்தார். "இப்பக் கரைச்சா மேலயே நின்னுக்குவாருங்க. பாப்பாகிட்டப் போக மாட்டாரு" என்றார் என்னிடம்.

மார்கழி வரை அளந்தேன். மேலும் கீழும் ஒன்றான அன்று ஆள் அனுப்பினேன். மறுநாள் அக்கா கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பல் மிதந்து பரவவில்லை. நேராகக் கீழே போனது. அக்கா அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அவருடைய கயிறும் வெப்பமானியும் இப்போது என்னிடம். புட்டியை இறக்குமுன் நீரில் கை வைத்துக் கேட்கும் பழக்கமும் என்னிடம் வந்துவிட்டது. இன்று காலை, "சேந்துட்டீங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டு இறக்கினேன். காற்றில்லை. கயிறு ஒருமுறை சுண்டியது. சற்றுப் பொறுத்து, சின்னக் கை இழுத்ததுபோல் மெல்ல, இன்னொரு முறை.